30 டிகிரிக் குழாய்த் தண்ணீரில் வோர்ட்டை ஆற்றுவது

வீட்டில் பியர் காய்ச்சக் கற்றுத்தரும் காணொளிகளில் ஆற்றும் கட்டம் சுலபமாகத்தான் தெரியும். தாமிரக் குழாய்ச் சுருளைக் கொதிக்கும் பானைக்குள் இறக்குவார்கள், அதற்குள் தண்ணீர் ஓடக் குழாயைத் திறப்பார்கள், இருபது நிமிடத்தில் 20 டிகிரி. அவர்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் 10, 12 டிகிரியில் வருகிறது. சிங்கப்பூரில் என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறைக் குழாயில் காலையில் 29 டிகிரி, மதியத்தில் 30-ஐத் தொடும். அந்தத் தண்ணீரால் எதையும் 30-க்குக் கீழே இறக்க முடியாது, எத்தனை மீட்டர் தாமிரம் வாங்கிச் சுற்றினாலும் சரி.

20 லிட்டர் வோர்ட்டை, அதாவது ஈஸ்ட் போட்டு நொதிக்கவிடும் முன் இருக்கும் பியர்ச் சாற்றை, கொதிநிலையிலிருந்து 20 டிகிரிக்கு அரை மணி நேரத்துக்குள் இறக்க நான் செய்துகொண்ட அமைப்பை இங்கே எழுதுகிறேன். அதற்கு முன் சட்டம். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் சொந்தத் தேவைக்காக வீட்டில் பியர் காய்ச்சலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை. விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் இதற்கு அனுமதியே இல்லை, அங்கிருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த அவசரம்? மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, 66 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூக்களைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கிடைக்கும் இனிப்பும் கசப்புமான சாறுதான் வோர்ட். கொதித்துக்கொண்டிருக்கும் வரை அது பத்திரமாக இருக்கும். 60 டிகிரிக்குக் கீழே வந்ததும் சர்க்கரை நிறைந்த அந்தச் சாறு காற்றில் பறக்கும் எல்லாக் கிருமிக்கும் விருந்து. ஈஸ்ட் போடும் வரையிலான நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

இரண்டாவது காரணம் ஹாப்ஸ். அடுப்பை அணைத்த பிறகும் 80 டிகிரிக்கு மேலே இருக்கும் வரை கசப்பு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். வாசனைக்காகக் கடைசியில் போட்ட ஹாப்ஸின் எண்ணெய்களும் ஆவியாகிக்கொண்டே போகும். மெதுவாக ஆற்றினால் வாசனை குறைந்து கசப்பு கூடும். இன்னொன்று, வேகமாகக் குளிர்ந்தால் புரதங்கள் திரிதிரியாகத் திரண்டு அடியில் படியும். அவை பியருக்குள் போகாமல் நின்றால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும்போது கலங்கல் குறைவு.

டிஎம்எஸ் (டைமெத்தில் சல்ஃபைடு) என்று ஒரு பயமும் உண்டு. வெளிர்நிற மால்ட்டில், குறிப்பாகப் பில்ஸ்னர் மால்ட்டில் இருக்கும் ஒரு பொருள் சூட்டில் உடைந்து வேகவைத்த மக்காச்சோள வாடையைத் தரும். அது ஆவியாகக் கூடியது என்பதால் மூடி போடாமல் தளதளவென்று ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் பெரும்பகுதி போய்விடும். சூடாகவே மூடி வைத்தால்தான் புதிதாக உண்டாவது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். என்னைக் கேட்டால் வீட்டுக் காய்ச்சலில் இந்தப் பயம் கொஞ்சம் மிகை. ஹாப்ஸ் வாசனைக்காகவும் கிருமிக்காகவும்தான் நான் அவசரப்படுகிறேன்.

இனி கணக்கு. 20 லிட்டர் வோர்ட் ஒரு டிகிரி இறங்க ஏறக்குறைய 84 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். கொதிநிலையிலிருந்து 20 டிகிரி வரை என்றால் சுமார் 6,600 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் எடுக்கும், உருகிய தண்ணீர் 20 டிகிரிக்கு ஏற இன்னும் 84. அதாவது முழுக்க ஐஸை மட்டும் நம்பினால் கிட்டத்தட்ட 16 கிலோ வேண்டும், அதுவும் ஒரு துளி வீணாகாமல். வீட்டு உறைபெட்டியில் அதற்கு இடமில்லை. மாறாகக் குழாய்த் தண்ணீர் மலிவு, ஆனால் 30-க்கு மேல்தான் வேலை செய்யும். ஆகவே வெப்பத்தின் பெரும்பகுதியைக் குழாய்த் தண்ணீரில் தள்ளிவிட்டு மீதிக்கு மட்டும் ஐஸ். கேட்க எளிதாக இருக்கிறது. எங்கே மாறுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் சுருள். ஏர்கான் பொருத்துபவர்கள் பயன்படுத்தும் மென்மையான தாமிரக் குழாய், முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 3/8 அங்குலம், 15 மீட்டர் ரோலாகக் கிடைக்கும். ஜாலான் புசார் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் விசாரித்து வாங்கினேன். அரை அங்குலக் குழாய் எடுத்தால் தண்ணீர் இன்னும் தாராளமாகப் போகும், ஆனால் விலை ஏறும், கையால் வளைப்பதும் கஷ்டம். 20 லிட்டர் காய்ச்சலுக்கு 3/8 போதும்.

என் பானையின் விட்டம் 33 சென்டிமீட்டர். 20 லிட்டர் ஊற்றினால் வோர்ட் 23 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். சுருள் பானைச் சுவரோடு ஒட்டாமலும் நடுவில் ஒரே கொத்தாக நிற்காமலும் இருக்க 24 சென்டிமீட்டர் விட்டம் சரியாக வந்தது. அந்த அளவில் ஒரு வெறும் பெயின்ட் டின்னைச் சுற்றி, ஒருவர் டின்னைப் பிடிக்க, ஒருவர் குழாயை இழுத்துப் பிடித்தபடி நிதானமாகச் சுற்றினால் 18 சுற்று வரும். சுருளிலிருந்து மேலே ஏறும் இரண்டு குழாய் முனைகளுக்கும், அதாவது கைகளுக்கும், சேர்த்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக விட்டுவைக்க வேண்டும். கைகளை வளைக்கும் இடத்தில்தான் குழாய் மடிந்து நசுங்கும். அங்கே மட்டும் வெளியே மாட்டும் ஸ்பிரிங் வளைப்பானைப் பயன்படுத்தினேன். அது இல்லையென்றால் குழாய்க்குள் பொடி உப்பை இறுக்கி நிரப்பி வளைத்துவிட்டு, தண்ணீர் விட்டுக் கரைத்து வெளியேற்றலாம்.

சுற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டவிடக் கூடாது. ஒட்டினால் இடையில் வோர்ட் ஓடாது, பாதித் தாமிரம் சும்மா நிற்கும். மின்கம்பியின் உறையை உரித்து உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை எடுத்து, மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகப் பின்னி, சுற்றுக்குச் சுற்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன்.

இரண்டு கைகளையும் பானை விளிம்பைத் தாண்டி வெளியே கொண்டுபோய்க் கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள். இணைப்பில் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு நாள் சொட்டும். சொட்டுவது பானைக்கு வெளியே விழ வேண்டும். ஆறிய வோர்ட்டில் கொதிக்காத தண்ணீர் சொட்டினால் இத்தனை பாடும் வீண். வெளியேறும் பக்கத்துக்குச் சிலிக்கான் ஹோஸ் போடுங்கள். முதல் ஓரிரு நிமிடம் அதில் வரும் தண்ணீர் கையைச் சுடும், சாதாரண பிவிசி ஹோஸ் அந்தச் சூட்டில் இளகி வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். இரண்டு பக்கமும் ஹோஸ் கிளிப் போட்டு ஸ்குரூ டிரைவரால் முறுக்கியாக வேண்டும்.

குழாயோடு இணைப்பது வீவக வீட்டில் தனிக் கதை. சமையலறைக் குழாயின் முனையில் இருக்கும் வலைச் சல்லடையைக் கழற்றி அதன் மரையில் ஒரு அடாப்டர் மாட்டலாம். ஆனால் சலவை இயந்திரத்துக்கான குழாய் பக்கத்திலேயே இருந்தால் அதுதான் சிறந்தது. தோட்டத்து ஹோஸுக்கான முக்கால் அங்குல இணைப்பு அதில் நேரடியாகப் பொருந்தும், அழுத்தமும் நன்றாக இருக்கும்.

கொதி முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது சுருளைக் கழுவிப் பானைக்குள் இறக்கிவிடுவேன். கொதியிலேயே அது கிருமி நீங்கிவிடும். இறக்கியதும் கொதி நின்றுபோய் மறுபடி எழும்ப ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள். புதுச் சுருளை வினிகரில் துடைத்துக் கழுவிய பிறகே முதல் முறை பயன்படுத்த வேண்டும். வோர்ட் கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது, செம்பின் மேல் படிந்த கறையை அப்படியே கரைத்துக் குடித்துவிடும். பானையிலிருந்து வெளியே எடுக்கும்போது சுருள் புதுக் காசு நிறத்தில் மின்னுவதற்கு அதுதான் காரணம்.

அடுப்பை அணைத்துக் குழாயைத் திறந்தால் நிமிடத்துக்கு 5 லிட்டர் போகிறது. என் குறிப்பேட்டில் வழக்கமாக வரும் எண்கள் இவை: தொடக்கத்தில் 99 டிகிரி, 4 நிமிடத்தில் 65, 8-இல் 48, 12-இல் 39, 16-இல் 35, 20-இல் 32. கவனித்துப் பார்த்தால் வோர்ட்டுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகிறது. முதல் 12 நிமிடத்தில் 60 லிட்டர் செலவழித்து 60 டிகிரி இறக்கினோம். அடுத்த 8 நிமிடத்தில் 40 லிட்டர் செலவழித்து வெறும் 7 டிகிரி. அதனால் 40 டிகிரியை ஒட்டி வந்ததும் குழாயை மூடிவிடுகிறேன். அதற்கு மேல் ஓடும் தண்ணீர் வாய்க்காலுக்குத்தான் போகிறது.

இந்த எண்கள் கலக்கிக்கொண்டே இருந்தால் மட்டும் வரும். சுருளை இறக்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்தால் நேரம் இரட்டிப்புக்கு மேல் ஆகும். குழந்தைக்குச் சூடான பால் டம்ளரைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து ஆற்றுபவர்கள் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்களே, அதே காரணம்தான். செம்பை ஒட்டியிருக்கும் மெல்லிய அடுக்கு மட்டும் குளிர்ந்து, மீதிச் சூட்டை அண்டவிடாமல் போர்வையாக நிற்கும். சுருளின் கைகளைத் துணியால் பிடித்து மெதுவாக மேலும் கீழும் சுற்றியும் ஆட்டினால் அந்த அடுக்கு கலையும். ஆட்டாமல் இருக்கும்போது வெளியேறும் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டு ஆட்டு ஆட்டியதும் சுடத் தொடங்கும். வெளியே வரும் தண்ணீர் சூடாக இருந்தால் வெப்பம் வெளியேறுகிறது என்று பொருள். எனக்கு வெப்பமானியைவிட அந்த ஹோஸ்தான் முதல் கருவி. வெப்பமானியைச் சுருளுக்கு அருகில் வைத்துப் படித்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், நன்றாகக் கலக்கிவிட்டு நடுவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

60 லிட்டர் தண்ணீரைச் சும்மா ஊற்றிவிட மனம் வராது. முதல் 20 லிட்டர் நல்ல சூடாக வருவதால் வாளியில் பிடித்து, ஆக்ஸிஜன் பிளீச் பொடி கலந்து, மால்ட் ஊறவைத்த பாத்திரத்தையும் மற்றச் சாமான்களையும் அதிலேயே ஊறப்போடுகிறேன். அந்தப் பொடிக்குச் சூடான தண்ணீர்தான் பிடிக்கும். அடுத்து வருவது சலவை இயந்திரத்துக்கும் தரை துடைக்கவும். சுருளுக்குள் ஓடியது குழாய்த் தண்ணீர்தான், வோர்ட் அதில் கலப்பதே இல்லை.

சரி, 39 டிகிரிக்கு வந்தாயிற்று. இங்கிருந்து 20-க்கு இறக்க இன்னும் 1,600 கிலோஜூல். ஒரு பெரிய தொட்டியில் 5 கிலோ ஐஸும் 6 லிட்டர் குழாய்த் தண்ணீரும் போட்டால், அந்தக் கலவை 15 டிகிரிக்கு ஏறி முடிக்கும்போது கணக்குப்படி அவ்வளவுதான் உறிஞ்சியிருக்கும். தொட்டிச் சுவர் வழியாகவும் அறைச் சூட்டாலும் கொஞ்சம் போகும் என்பதால் 6 கிலோ வைத்துக்கொள்கிறேன். பெட்ரோல் நிலையத்தில் மூட்டையாக வாங்கலாம். நான் பழைய இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாக்களில் தண்ணீர் ஊற்றி முன்கூட்டியே உறைய வைத்துவிடுகிறேன். பாளமாகவே போட்டால் மெதுவாகத்தான் உருகும். பாதியைத் துண்டில் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் போட்டுவிட்டு, மீதியைப் பாளமாக விட்டால் தொடக்கத்தில் வேகமும் கடைசி வரை குளிர்ச்சியும் கிடைக்கும்.

தொட்டிக்குள் மூழ்கும் பம்ப் ஒன்று. அதன் ஹோஸைச் சுருளில் குழாய்த் தண்ணீர் நுழைந்த கையில் மாட்டி, வெளியேறும் ஹோஸைத் தொட்டிக்கே திருப்பிவிட வேண்டும். திரும்பி வரும் தண்ணீர் நேராக ஐஸ் மேல் விழட்டும், பம்ப் எதிர் மூலையில் அடியில் இருக்கட்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சூடாக வந்த தண்ணீரையே பம்ப் மறுபடி உறிஞ்சி அனுப்பும்.

பம்ப் வாங்கும்போது ஒரு விஷயம். மீன் தொட்டிப் பம்புகளின் பெட்டியில் மணிக்கு 2,000 லிட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது ஹோஸே இல்லாத நிலையில் கொடுக்கும் அளவு. 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 15 மீட்டர் குழாயில் நிமிடத்துக்கு 5 லிட்டரைத் தள்ள ஏறக்குறைய 7 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் அழுத்தம் வேண்டும். ஒரு மீட்டர் உயரம் ஏற்றும் சின்னப் பம்பை மாட்டினால் மறுமுனையில் நூல் மாதிரிதான் வரும். பெட்டியில் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் அதிகபட்ச உயரத்தைப் பாருங்கள். என்னுடையது மூன்றரை மீட்டர். நிமிடத்துக்கு 3 லிட்டர் தருகிறது, அது போதும். இந்தப் பம்புகள் வெந்நீருக்குச் செய்யப்பட்டவை அல்ல. குழாய்த் தண்ணீரில் 40-க்கு இறக்காமல் கொதிக்கும் வோர்ட்டிலேயே இதைத் தொடங்கினால், திரும்பி வரும் வெந்நீர் ஐஸை நொடியில் தின்பதோடு பம்பின் ஆயுளையும் குறைக்கும். மின்கம்பியில் ஒரு தொங்கல் வளைவு விட்டு, பிளக்கைத் தொட்டியைவிட உயரத்தில் வையுங்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள்.

இந்தக் கட்டத்திலும் ஆட்டுவதை நிறுத்தக் கூடாது. 12 நிமிடம் போல ஆகும். மொத்தத்தில் அடுப்பை அணைத்ததிலிருந்து 25 நிமிடத்துக்குள் 20 டிகிரி.

பம்புக்குப் பதிலாக, குழாய்க்கும் பெரிய சுருளுக்கும் நடுவே இன்னொரு சின்னச் சுருளை ஐஸ் வாளியில் வைக்கும் முறையைப் பலர் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் ஐஸ் குளிரவைத்த தண்ணீர் ஒரே ஒரு முறை வோர்ட்டைச் சுற்றிவிட்டுச் சாக்கடைக்குப் போகிறது, அதில் மிச்சமிருக்கும் குளிர்ச்சி வீண். கூடவே இரண்டாவது சுருளின் விலை. பம்ப் அதைவிட மலிவு, ஐஸும் குறைவு.

தட்டுகளை அடுக்கிச் செய்த பிளேட் சில்லரும் இருக்கிறது. உள்ளங்கை அகலப் பொருள், வோர்ட் ஒரு பக்கமும் தண்ணீர் எதிர்ப்பக்கமும் ஓடும். வேகத்தில் சுருளை மிஞ்சும். ஆனால் அதிலும் தண்ணீர் 30 டிகிரி என்றால் வோர்ட் 30-க்குக் கீழே வராது, ஹாப்ஸ் துணுக்குகள் உள்ளே போய் அடைத்துக்கொண்டால் கண்ணால் பார்த்துக் கழுவ வழியில்லை. வெளியே தெரியும் சுருளைத் துடைத்து மாட்டிவைப்பதுதான் எனக்கு நிம்மதி.

ஆற்றாமலே விடும் வழியும் உண்டு. தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த ஆஸ்திரேலியர்கள் பரப்பிய முறை அது. சூடான வோர்ட்டைத் தடித்த எச்டிபிஇ பிளாஸ்டிக் கேனில் விளிம்பு வரை நிரப்பி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, மூடி ஒரு இரவு வைத்துவிடுவார்கள். சூடே கேனைச் சுத்தம் செய்துவிடும். ஹாப்ஸை மட்டும் தாமதமாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் கசப்பு ஏறிவிடும். மறுநாளே ஈஸ்ட் போடுவதென்றால் சரி. வாரக்கணக்கில் அலமாரியில் வைப்பதை நான் செய்ய மாட்டேன். வோர்ட்டின் பிஎச் 5-க்கு மேல், உள்ளே காற்றும் இல்லை. கொடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலிசம் கிருமிக்கு ஏற்ற சூழல் அது.

ஐஸ் இல்லாத நாளில் நார்வேயின் குவெய்க் ஈஸ்ட் கைகொடுக்கும். வாஸ் பகுதியிலிருந்து வந்த வகை 35 டிகிரிக்கு மேலும் சுத்தமாக நொதிக்கும். குழாய்த் தண்ணீரில் 36-க்கு இறக்கி உடனே போட்டுவிடலாம். ஆரஞ்சு வாசனை லேசாக வரும், பேல் ஏல் வகை பியருக்கு அது பொருந்தும். நம் ஊர் வெப்பத்துக்கென்றே அமைந்த ஈஸ்ட் மாதிரி இருக்கிறது. எல்லா பியரிலும் அந்த வாசனை வேண்டாம் என்பதால்தான் ஐஸ் வேலையை விடாமல் வைத்திருக்கிறேன்.

20 டிகிரிக்கு வந்ததும் சுருளை எடுத்துவிட்டு, சுத்தமான கரண்டியால் ஒரே திசையில் வேகமாகச் சுழற்றி, மூடி போட்டுக் கால் மணி நேரம் விடுகிறேன். கசடெல்லாம் நடுவில் குவியும். பானையின் ஓரத்துக் குழாயைத் திறந்து தெளிவானதை ஃபெர்மென்டருக்கு, அதாவது நொதிக்கவிடும் பாத்திரத்துக்கு, இறக்கலாம். உயரத்திலிருந்து விழவிட்டால் ஈஸ்டுக்குத் தேவையான காற்றும் கலந்துவிடும். இந்தக் கட்டத்திலிருந்து தொடும் எல்லாமே கிருமிநாசினியில் நனைந்ததாக இருக்க வேண்டும்.

குளிரில் நொதிக்கும் லாகர் வகை பியர் என்றால் 10 டிகிரி வேண்டும். அதற்கும் ஐஸிலேயே போராடுவது வீண் வேலை. தொட்டித் தண்ணீருக்கும் வோர்ட்டுக்கும் வித்தியாசம் குறைந்துவிடுவதால் ஐஸ் கரைவதுதான் மிச்சம். 20-இல் ஃபெர்மென்டருக்கு மாற்றி, குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க வைத்துக் காலையில் ஈஸ்ட் போடுகிறேன். அப்போது ஏர்லாக்கில், அதாவது வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பில், தண்ணீர் ஊற்றி வைக்காதீர்கள். உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கும்போது அந்தத் தண்ணீரை உறிஞ்சி வோர்ட்டுக்குள் இழுத்துவிடும். காலை வரை கிருமிநாசினி தெளித்த அலுமினியத் தாளால் வாயை மூடிவைத்தால் போதும்.

சுருளைக் கழுவும்போது உள்ளே தேங்கிய தண்ணீரை வாய் வைத்து ஊதி வெளியேற்றிவிட்டுத்தான் மாட்டிவைக்க வேண்டும். அப்படியும் கொஞ்சம் தங்கும். அடுத்த காய்ச்சலில் கொதிக்கும் வோர்ட்டில் இறக்கியதும் அது ஆவியாகி ஹோஸ் முனையில் சீறிக்கொண்டு வரும், அதனால் இறக்கும் முன் இரண்டு முனைகளும் ஆள் இல்லாத பக்கம், தொட்டியை நோக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.